குலுக்காமல் மூடிய சோபா

“என் பையைக் கொட்டச் சொன்னது யாரு? முதலாளியா, இல்ல மேஸ்திரி, நீங்களா முந்திக்கிட்டீங்களா?”

ஊசியக்காவின் குரல் சோபாப் பட்டறையின் தகரக் கூரையில் மோதி, தெருவுக்குப் போய், அங்கே வேலையில்லாமல் நின்றிருந்த சிலரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குத் திரும்பியிருந்தது. வெட்டுமேசையின் மேல் அவளுடைய பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலித் தைலம், ஓர் ஒற்றைக் காலுறை என்று உள்ளே இருந்ததெல்லாம் ஊர் பார்க்கக் கொட்டிக் கிடந்தது. ஒற்றைக் காலுறையை எதற்குச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்ற கேள்வி, வாசலில் நின்றவர்களைப் பிறகு ரொம்ப நாள் வாட்டியது. ஆனால் தேடிய கத்தரி அதில் இல்லை.

“பையில இல்லைன்னா வீட்டுல இருக்கும்,” என்றார் முதலாளி.

“அப்ப வாங்க, வீட்டையும் கொட்டிப் பாருங்க. வயித்தையும் கீறிப் பார்த்துடுங்க, முழுங்கியிருந்தாலும் முழுங்கியிருப்பேன்.”

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுபோய்ப் பட்டறையே மேஸ்திரியைப் பார்த்தது. மேஸ்திரி காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்தார், அதில் என்னமோ எழுதியிருப்பதுபோல உற்றுப் பார்த்தார், மறுபடி செருகிக்கொண்டார்.

“லீவுக்கு முந்தின நாள் நீதானேம்மா தோல் வெட்டினே. கடைசியா உன் கையிலதான் பார்த்தேன்.”

போதுமே. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. இத்தனை வருஷம் வேலை செய்தவள் என்பதால் போலீசுக்குப் போகவில்லையாம், அந்தப் பெருந்தன்மையையும் வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். ஊசியக்கா தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“நீங்க சொன்னதை நீங்களே மாத்திச் சொல்வீங்க மேஸ்திரி. இதே மேசைக்கு முன்னாடி. அதுவரைக்கும் நான் விட மாட்டேன்.”

சாதாரணக் கத்தரியாக இருந்தால் இத்தனை ரகளை நடந்திருக்காது. அது முதலாளியின் அப்பா கடல் கடந்து போய் வந்தபோது வாங்கி வந்த கத்தரி. முழங்கை நீளம். தடித்த தோலை வெட்டினாலும் முனகல் சத்தம்கூட வராது. முதலாளி கூடப்பிறந்த தம்பியிடம்கூடக் கடைச் சாவியைக் கொடுத்ததில்லை, ஆனால் அந்தக் கத்தரிக்கு வாரம் ஒருமுறை தன் கையாலேயே எண்ணெய் போடுவார். அதைத் தொட இரண்டே பேருக்குத்தான் அனுமதி. ஒருவர் மேஸ்திரி, இன்னொருத்தி ஊசியக்கா. அவளோ சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துக்கு மெத்தை உறை தைத்துக் கொடுக்கிறவள், அது முதலாளிக்கு எப்போதுமே கண்ணில் விழுந்த தூசி. போதாததற்கு, லீவுக்கு முன்னால் அந்தக் கத்தரியை ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டு, முடியாது என்று சொல்லவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். வேறென்ன வேண்டும்?

மேஸ்திரி சொன்ன வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்தான் பொய். ‘கடைசியா’ என்ற சொல். லீவு நாளன்று கத்தரி மேஸ்திரியின் கையில் இருந்தது.

அதை அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால், லீவு நாளில் மூடின பட்டறைக்குள் தனியாக உமக்கென்ன வேலை என்று முதலாளி கேட்பார். அதற்கும் பதில் சொல்லலாம்: மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக்கு என் கையால் ஒரு சோபா செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், மரமும் பஞ்சும் என் காசில் வாங்கினது. சரி, தோல்? அந்த இடத்தில்தான் மேஸ்திரி மாட்டிக்கொள்வார். தோல், பெரிய ஓட்டல் ஒன்றுக்குச் செய்த வேலையில் மிஞ்சிப் பரணில் சுருட்டிக் கிடந்தது. தேன் நிறம். யாரும் அதைக் கேட்கவில்லை, தேடவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்தார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

ஆக, திருடியது யார் என்று ஊசியக்காவின் பையைக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டறையில் நிஜமாகவே ஒரு பொருளை எடுத்திருந்தவர் மேஸ்திரி ஒருவர்தான். ஆனால் கத்தரி விஷயத்தில் அவர் மனசு சுத்தமாக இருந்தது. வேலை முடிந்ததும் அதை ஊசியக்காவின் மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்தோம் என்று நம்பினார். தினமும் அங்கேதானே வைக்கிறோம், அன்றைக்கு மட்டும் வைக்காமலா இருந்திருப்போம்? அப்படியானால் அதற்குப் பிறகு அவள்தான் எடுத்திருக்க வேண்டும். இப்படி நினைத்துக்கொண்டால் சோறு இறங்கியது.

ஊசியக்கா தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். மனு நகர்கிற வேகத்தில் நகர்ந்தது. அதற்குள் அந்தத் தெருவில் இருந்த மற்றப் பட்டறைகள் எல்லாம் ஒரே குரலில் ஆள் வேண்டாம் என்றுவிட்டன. போன வாரம்வரை ஆள் கிடைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டவர்களும் அதில் அடக்கம். மெத்தை உறை தைக்கக் கொடுத்தவர்கள் தங்கள் துணி அத்தனையும் திரும்பி வந்ததா என்று அவள் எதிரிலேயே விரித்துப் பார்த்தார்கள், அப்புறம் தைக்கக் கொடுப்பதையே நிறுத்தினார்கள்.

மேஸ்திரி கல்யாண வேலையில் மும்முரமாக இருந்தார். மும்முரமாக இருப்பது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தியம்மா கூப்பிட்டு அனுப்பினாள்.

“உங்க சோபா பேசுதுண்ணே,” என்றாள், வாசலிலேயே.

“பேசுதா?”

“நாங்க உட்கார்ந்தா பேசாது. என் தம்பி உட்கார்ந்தா பேசுது. அவன் கொஞ்சம் பாரம்.”

தேன் நிறச் சோபா முன்னறையில் மகாராஜா மாதிரி வீற்றிருந்தது. சம்பந்தியம்மா அதை அந்தக் கட்டடத்தில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் காட்டியாகிவிட்டது. துடைக்கத் தனியாக ஒரு துணி, அந்தத் துணியைத் துவைக்கத் தனியாக ஒரு வாளி. மேஸ்திரி உட்கார்ந்தார். ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அடியில் எங்கோ இரும்பு மரத்தில் இடித்து ‘டொக்’ என்றது. பிறகு ஸ்பிரிங்கில் உரசி ஒரு கிறீச்.

மேஸ்திரி மெல்ல எழுந்து நின்றுகொண்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சோபாவின் வயிற்றுக்குள் காணாமல் போகாத பொருள் அந்தப் பட்டறையில் இல்லை. சுத்தியல் போயிருக்கிறது, கரண்டி போயிருக்கிறது, ஒருவனுடைய செல்போன் போய், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த நோயாளியின் பின்பக்கத்தில் மணியடித்திருக்கிறது. அன்றைக்குப் போட்ட சட்டம்தான், அடித்துணியை வைத்து ஆணி அறைவதற்கு முன்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சோபாவைத் தூக்கிக் குலுக்க வேண்டும் என்பது. ஒரு சத்தமும் வரவில்லை என்றால்தான் ஆணி. ‘குலுக்கியாச்சா?’ என்று கேட்காமல் அங்கே யாரும் சுத்தியலை எடுக்க முடியாது. முதலாளியே அவசரப்பட்டபோதுகூடக் குலுக்காமல் விட மாட்டேன் என்று நின்ற ஆள் ஒருவர் உண்டு. சட்டத்தைப் போட்டவர். நம் மேஸ்திரி.

லீவு நாளில் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. வெளியே சோபாவை ஏற்றிப் போக வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மேஸ்திரி ஆணி அறைந்துவிட்டார்.

“பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்த்துக் கொண்டாந்துடறேம்மா,” என்றார்.

“அய்யோ வேண்டாம்ணே. வந்து இறங்கினதைத் தெருவே பார்த்துச்சு. திருப்பி ஏத்தினா கல்யாணம் நின்னுபோச்சுன்னு பேசுவாங்க. என்ன ரிப்பேரோ, இங்கேயே பண்ணுங்க.”

மறுநாள் ஆணி பிடுங்கும் குறடோடு போனார். சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, நாடகம் பார்க்கிறவள்போல உட்கார்ந்துவிட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீட்டிச் சொம்பைக் கொடுத்தாள். டார்ச் லைட் கேட்டார், மடியிலேயே வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் சோபாவைக் கவிழ்த்து அடித்துணியின் ஒரு பக்கத்தைப் பிரித்தார். கத்தரி சறுக்கி வந்து, அவருக்காகவே காத்திருந்ததுபோல மடியில் விழுந்தது.

“இதுவும் எங்களுக்குத்தானா?” என்றாள் சம்பந்தியம்மா.

“இல்லைம்மா. மறந்து உள்ள வச்சுட்டேன்.”

“இவ்வளவு பெரிசையா?” கத்தரியை வாங்கிக் கையில் எடை பார்த்தாள். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்த மறதி உங்க குடும்பத்துல எல்லாருக்கும் உண்டா?”

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். கத்தரியைப் பார்த்ததும் அவள் முதலில் செய்தது ஜன்னலைச் சாத்தியது. இரண்டாவதாகச் செய்தது திட்டம் போட்டது. அந்த வீட்டில் திட்டம் போடுவது எப்போதும் அவள்தான்.

“நாளைக்குக் காலையில கொண்டுபோய் நூல் அலமாரிக்குப் பின்னால போட்டுருங்க. கூட்டும்போது யாராவது எடுப்பாங்க. முதலாளிக்குக் கத்தரி வந்துடும், அந்தம்மாவுக்கு வேலை வந்துடும், நம்ம பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துடும். நீங்க வாயை மட்டும் திறக்காதீங்க.”

இதில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லாருக்கும் எல்லாமும் கிடைத்துவிடுகிற திட்டம். கத்தரியைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு காலையில் கிளம்பினார். பட்டறை வாசலில் முதலாளி வண்டியை ஓடவிட்டு நின்றிருந்தார்.

“ஏறும். இன்னிக்குத்தான் விசாரணை. நீர்தானே சாட்சி, மறந்துபோச்சா?”

உள்ளே ஒரு நிமிஷம் போய்வருகிறேன் என்றதற்கு, அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். வழி முழுக்கப் பை மேஸ்திரியின் மடியில் இருந்தது. மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் கத்தரியின் முனை முழங்காலில் குத்தியது.

தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரியம்மா கண்ணாடி போட்ட மேசைக்குப் பின்னால் இருந்தாள். கண்ணாடிக்கு அடியில் அவளுடைய பிள்ளைகளின் படங்கள். எதிரே ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் ஊசியக்கா. அவள் இளைத்திருந்தாள். மேஸ்திரி அவளைப் பார்ப்பதைத் தவிர்த்து, பிள்ளைகளின் படங்களைப் பார்த்தார்.

அதிகாரியம்மா முதலாளியிடம் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். குற்றம் என்ன என்று எழுதிக் கொடுத்தீர்களா, பதில் சொல்ல அவகாசம் கொடுத்தீர்களா, விசாரணை என்று ஏதாவது வைத்தீர்களா. முதலாளி ஒவ்வொன்றுக்கும் தன் அப்பாவின் பெருமையைப் பதிலாகச் சொன்னார்.

“அப்போ எதை வச்சு அனுப்பினீங்க?”

“மேஸ்திரி சொன்னாரும்மா. அவர் பொய் சொல்ற ஆளில்லை.”

முதலாளி அத்தோடு நிற்காமல், கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மன்னித்து வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாகவும் மனமிரங்கினார்.

“இல்லாததை எப்படிங்க திருப்பிக் கொடுக்கறது?” என்றாள் ஊசியக்கா. பட்டறையில் கூரையைப் பெயர்த்த குரல் இன்று அறைக்குள்ளேயே நின்றது. “அம்மா, வேலை கூடப் போகட்டும். என் அக்கா பொண்ணு வீட்டுக்குப் போனேன். நான் தூக்கி வளர்த்த பொண்ணு. என்னைப் பார்த்ததும் கட்டில்ல கிடந்த தன்னோட கைப்பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. வேணும்னு செய்யலை, அவளுக்கே தெரியாம கை போச்சு. அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு அழுதா. நான் தண்ணிகூடக் குடிக்காம வந்துட்டேன்.”

மேஸ்திரி குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தன.

அப்போதுதான் மனைவியின் திட்டத்தில் இருந்த ஓட்டை அவருக்குத் தெரிந்தது. கத்தரி அலமாரிக்குப் பின்னால் கிடைத்தால் பட்டறை என்ன சொல்லும்? மனு கொடுத்துப் பயந்துபோய், யாரையோ பிடித்துத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டாள் என்று சொல்லும். வேலை கிடைக்கும். ஆனால் திருடி என்ற பேர் ஆணி அறைந்த மாதிரி உட்கார்ந்துவிடும். அவள் கேட்டது வேலை அல்லவே, அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கத்தானே கேட்டாள்.

மறுபக்கம் மகள். கல்யாணத்துக்கு வாங்கிய துணிமணிகளைத் தினமும் எடுத்துப் பார்த்து மடித்து வைக்கிற மகள்.

“நீங்க சொல்லுங்க,” என்றாள் அதிகாரியம்மா. “அந்தக் கத்தரியைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

லீவுக்கு முந்தின நாள் என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம். முதலாளி ஏற்கெனவே தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

“இன்னிக்குக் காலையில,” என்றார் மேஸ்திரி.

“எங்கே?”

அவர் எழுந்து பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். துண்டு விலகிக் கத்தரி மூக்குக் குப்புற விழுந்தது. மேசைக் கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை விரிசல் விட்டது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். லீவு நாள், லாரி, குலுக்காமல் அறைந்த ஆணி, கடைசியில் பரணில் கிடந்த தோல். தோலைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை. அதையும் சொல்லாவிட்டால் கதை புரியாது என்பதால் சொன்னார் என்று அவருக்கு வேண்டாதவர்கள் சொல்வார்கள். முதலாளி கத்தரியைத் தூக்கி முனை மழுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அதில் திருப்தியானதும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

“நாளையிலேர்ந்து நீர் வர வேண்டாம்.”

“ஆங், அதெப்படி?” என்றாள் ஊசியக்கா. “இப்பத்தானே அம்மா அவ்வளவு நேரம் பாடம் நடத்தினாங்க. முதல்ல எழுதிக் கொடுங்க. அவர் பதில் சொல்லட்டும். உட்கார வச்சு விசாரிங்க. அப்புறமா அனுப்புங்க.” மேஸ்திரியை அன்று முதல்முறையாக நேராகப் பார்த்தாள். “நான் ஒண்ணும் உங்களுக்காகச் சொல்லலை. இனி எவ பையையும் கொட்டக் கூடாதுன்னு சொல்றேன்.”

அதிகாரியம்மா அது சரிதான் என்றாள். அவள் கண் விரிசல் விட்ட கண்ணாடியிலேயே இருந்தது.

மறுநாள் வெட்டுமேசைக்கு முன்னால் மேஸ்திரி நின்றார். தெருவில் அன்று யாருக்கும் வேலை இருக்கவில்லை, வாசல் நிறைந்துவிட்டது. “கத்தரி கடைசியா என் கையிலதான் இருந்துச்சு. அந்தம்மா எடுக்கலை,” என்றார். வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள் ஊசியக்கா. சத்தமாகச் சொன்னார். அவள் தன் பையை எப்போதும் மாட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஒற்றைக் காலுறைக்கும் அன்றைக்கே விளக்கம் கிடைக்கும் என்று வந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

சேதி போக வேண்டிய இடத்துக்கு, போக வேண்டியதைவிட வேகமாகப் போனது. இனாமாக வந்த தோலில் செய்ததை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்று சம்பந்தியம்மா கொதித்தாள். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். சோபாவைப் பற்றி மூச்சு விடவில்லை. முதலாளி தோலுக்கு ஆள் அனுப்பினபோது, வந்தவனுக்கு உட்கார நாற்காலி போட்டாளாம், சோபாவைக் காட்டவில்லையாம். மாப்பிள்ளைப் பையன் அப்புறம் வேறோர் இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். அவனுடைய மாமன், அந்தப் பாரமானவர், இன்றும் அதே சோபாவில்தான் உட்காருகிறார், அது இப்போது பேசுவதில்லை.

மேஸ்திரியின் மகள் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தாள். உடைந்த மேசைக் கண்ணாடியை மாற்றிக் கொடுக்க வேண்டுமே, அப்பாவுக்குத் தெருவில் தலைகாட்ட வெட்கம், அதனால் கண்ணாடிக் கடைக்கு அவள்தான் போனாள். அளவு தப்பு என்று ஒருமுறை, ஓரம் தேய்க்கவில்லை என்று ஒருமுறை, நிறம் சரியில்லை என்று இன்னொருமுறையும் போனாள். கண்ணாடிக்கு ஏது நிறம் என்று அவள் அம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இப்போது கண்ணாடிக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டு கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருக்கிறாள். அந்த வீட்டில் சோபா கிடையாது.

விசாரணையெல்லாம் முறைப்படி நடந்து, மேஸ்திரிக்கு வேலை தங்கியது, மேஸ்திரி பதவி போனது. ஊர் மட்டும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறது. பதவி ஊசியக்காவுக்கு வந்தது. அவள் ஒரு வருஷம்போல அதில் இருந்து எல்லாரையும் படுத்தி எடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு இருக்கை தைக்கிற பெரிய கம்பெனியில் இடம் கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். சாமான் ஏற்ற அக்கா மகள்தான் வந்திருந்தாள், தன் கைப்பையை ஊசியக்காவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு. இருந்தவரை, மேஸ்திரி குலுக்கும்போது சோபாவின் மறுமுனையை ஊசியக்காவே பிடித்தாள், ஒரு வார்த்தை பேசாமல்.

அவள் போன பிறகு அந்த முனையை முதலாளியே வந்து பிடிக்கிறார். வேறு யார்மேலும் அவருக்கு நம்பிக்கையில்லை. கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு குலுக்குகிறார்.